பெயரும் ஊதியமும்: அமெரிக்கப் படுக்கை வண்டிப் பணியாளரின் உரிமைப் போர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பெருந்தொழில்கள் வளர்ந்த காலத்தை ஆராய்வோர் இரு வேறு வரலாறுகளை எழுதிச் செல்லும் வழக்கம் உண்டு. ஒன்று, ஊதியம், வேலை நேரம், சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவற்றிற்காகத் தொழிலாளர் நடத்திய போராட்டத்தின் வரலாறு. மற்றொன்று, 1865-ஆம் ஆண்டில் சட்டத்தால் அடிமைத்தளையினின்றும் விடுபட்ட கறுப்பின மக்கள் ஏனைய குடிமக்களோடு ஒத்த உரிமை பெறுதற்கு நடத்திய போராட்டத்தின் வரலாறு. இவ்விரண்டும் வெவ்வேறு நூல்களில், வெவ்வேறு தலைவர்களின் பெயர்களோடு கூறப்படுகின்றன. அவ்வாறு பிரித்துக் கூறுதல் உண்மைக்குப் பொருந்தாது என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக, புகைவண்டியின் படுக்கைப் பெட்டிகளில் பணி புரிந்த கறுப்பினத் தொழிலாளரின் போராட்டம் ஒன்றையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

முதற்கண் ஒரு சொல்லை விளக்கிக்கொள்ளுதல் நலம். இத்தொழிலாளரை ஆங்கிலத்தில் ‘போர்ட்டர்’ என்பர். நம் நாட்டுப் புகைவண்டி நிலையங்களில் அச்சொல் மூட்டை சுமப்பவரைக் குறித்து வழங்குகின்றது. அப்பொருளையே இங்கும் கொண்டால் செய்தி முழுவதும் திரிந்துவிடும். அமெரிக்கப் படுக்கை வண்டியின் பணியாளர் நிலையத்தில் நிற்பவர் அல்லர், வண்டியோடு செல்பவர். பகலில் இருக்கையாக இருந்ததை இரவில் படுக்கையாக்கி விரித்தல், விடியலில் அதனை மீண்டும் இருக்கையாக்குதல், பயணிகள் உறங்கும்போது அவர்தம் காலணிகளை மெருகிடுதல், நள்ளிரவில் மணி ஒலித்தால் எழுந்து சென்று வேண்டியது செய்தல் ஆகியன எல்லாம் அவர் கடமை. ஆதலின் ‘படுக்கை வண்டிப் பணியாளர்’ என்றே நாம் வழங்குவோம்.

அவ்வண்டிகளைப் பெரும் வாணிகமாக்கியவர் ஜார்ஜ் மார்ட்டிமர் புல்மன் (1831-1897). 1867-இல் சிக்காகோ நகரில் அவர் நிறுவிய நிறுமம், வண்டிகளைத் தானே கட்டியது. தன் ஆட்களையே அவற்றில் அமர்த்தி, இருப்புப்பாதை நிறுமங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு நாடெங்கும் ஓட்டியது. மக்கள் அவ்வண்டியைப் ‘புல்மன்’ என்றே அழைத்தனர். செய்தவன் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகி வருவதை நம் இலக்கணத்தார் கருத்தாவாகுபெயர் என்பர். பொருளுக்கு இவ்வாறு பெயர் அமைதல் எம்மொழியிலும் இயல்பே. ஆயின் அவ்வண்டியினுள் பணி புரிந்த மனிதரையும் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே விளித்தனர். அவருடைய இயற்பெயர் யாதாயினும் அதனை எவரும் வினவவில்லை. முதலாளியின் குடிப்பெயர் வண்டிக்கும் இடுபெயர் பணியாளருக்கும் ஆயிற்று. அடிமையை உடையவன் பெயரால் அழைத்த பழைய வழக்கத்தின் எச்சம் இது என்பதை அப்பணியாளர் நன்கறிவர். இவ்வழக்கத்தை எதிர்த்து 1914-இல் ஒரு கழகம் தோன்றியது. அதனைத் தோற்றுவித்தோர் பணியாளர் என்று எண்ணிவிடலாகாது. தம் பெயர் பணியாளரைக் குறித்து வழங்குவதை விரும்பாத, ஜார்ஜ் என்னும் பெயருடைய வெள்ளையர் சிலரே வேடிக்கையாக அதனைத் தொடங்கினர்.

இப்பணிக்கு அடிமை நிலையினின்றும் அண்மையில் விடுபட்டோரையே புல்மன் நாடித் தேர்ந்தார். ஏவல் செய்து பழகியவர், குறைந்த ஊதியத்துக்கு இசைவர் என்பவை அவர் கணக்கு. பணியாளர்க்கும் அதில் ஒரு பயன் இருந்தது. தென்மாநிலங்களில் பருத்தி வயலில் கடனுக்குக் கட்டுண்டு கிடந்த ஒருவர்க்கு, சீருடை அணிந்து நாடெங்கும் செல்லும் பணி ஓர் உயர்வே. ஊர்தோறும் செய்தி கொண்டு செல்பவராகவும் அவர் விளங்கினார். 1905-இல் சிக்காகோவில் தொடங்கப்பட்ட ‘டிஃபெண்டர்’ என்னும் கறுப்பின மக்களின் இதழைத் தென்மாநிலங்களில் பரப்பியவர்கள் பெரிதும் இப்பணியாளரே. வடக்கே வேலையும் ஓரளவு உரிமையும் உண்டு என்பதை அவ்விதழால் அறிந்து புறப்பட்ட குடும்பங்கள் பல.

புல்மன் நிறுமத்தில் தொழிலாளர் போராட்டம் முதன்முதல் வெடித்தது வண்டிகளில் அன்று. அவற்றைக் கட்டிய பட்டறைகளில் ஆகும். சிக்காகோவின் தெற்கே தம் தொழிலாளர்க்கெனப் புல்மன் ஒரு நகரமே அமைத்திருந்தார். வீடு, கடை, நூலகம், கோயில் அனைத்தும் நிறுமத்துக்கே உரியன. 1893-ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது நிறுமம் ஊதியத்தைச் சராசரி நூற்றுக்கு 25 அளவு குறைத்தது. வீட்டு வாடகையையோ குறைக்கவில்லை. 1894 மே 11-இல் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். யூஜின் டெப்ஸ் தலைமையில் முந்திய ஆண்டில் தோன்றியிருந்த அமெரிக்க இருப்புப்பாதைச் சங்கம், புல்மன் வண்டிகள் இணைக்கப்பட்ட எப்புகைவண்டியையும் இயக்குவதில்லை என முடிவு செய்தது. ஜூன் இறுதியில் தொடங்கிய இப்புறக்கணிப்பால் நாட்டின் மேற்குப் பகுதியில் போக்குவரத்து நின்றது. நடுவணரசு நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. இல்லினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்டின் மறுப்பையும் பொருட்படுத்தாது, குடியரசுத் தலைவர் கிளீவ்லாந்து படையை அனுப்பினார். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது, டெப்ஸ் சிறை சென்றார்.

இவ்வரலாறு பலரும் அறிந்ததே. அறியப்படாதது அதன் உட்பகுதி. அவ்வாண்டு ஜூன் திங்களில் கூடிய சங்க மாநாட்டில், கறுப்பினத் தொழிலாளரையும் உறுப்பினராகச் சேர்க்கலாமா என்னும் வினா எழுந்தது. சேர்க்க வேண்டும் என டெப்ஸ் வாதாடினார். ஏறத்தாழப் பத்து வாக்கு வேறுபாட்டில் அக்கருத்துத் தோற்றது. வெள்ளைப் பெற்றோர்க்குப் பிறந்தவரே உறுப்பினர் ஆகலாம் என்னும் விதி நிலைபெற்றது. புல்மன் வண்டிகளை நிறுத்த முயன்ற சங்கம், அவ்வண்டிகளின் உள்ளே பணி புரிந்தோரைத் தன் வாயிலிலேயே நிறுத்திவிட்டது. தோல்விக்கு அரசின் படையே முதற்காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், பாதித் தொழிலாளரைத் தொழிலாளராக எண்ணாத சங்கம் படை வருமுன்னரே தன் வலிமையிற் பெரும்பகுதியை இழந்திருந்தது என்று கூறுதல் மிகையாகாது.

புல்மன் 1897-இல் இறந்தபின் நிறுமத்தின் தலைமைக்கு வந்தவர் இராபர்ட் டாட் லிங்கன். அடிமைகளை விடுவித்த ஆபிரகாம் லிங்கனின் மைந்தர்! 1915-இல் தொழிலுறவுகளை ஆராய அமைக்கப்பட்ட அரசு ஆணைக்குழு அவரை அழைத்து வினவியது. பணியாளர் பெறும் திங்கள் ஊதியம் 27.50 டாலர் என்பதும், எஞ்சிய தேவையைப் பயணிகள் தரும் இனாமே நிரப்பும் என நிறுமம் எதிர்பார்த்தது என்பதும் அவ்வுசாவலில் வெளிப்பட்டன.

இவ்வினாம் என்பதைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும்; போராட்டத்தின் கரு அதுவே. 1926-இல் பணியாளரின் அடிப்படை ஊதியம் திங்களுக்கு 67.50 டாலர். அதனை முழுமையாகப் பெறுதற்கு அவர் 11,000 மைல் பயணம் செய்தல் வேண்டும். அது ஏறத்தாழ 400 மணி நேர வேலை. வண்டி புறப்படுமுன் பெட்டியைத் தூய்மை செய்து பயணிகளை ஏற்றும் நேரம் கணக்கில் சேராது. இரவில் மூன்று மணி நேர உறக்கம் கிடைத்தால் அது நல்லூழ். காலணி மெருகிடும் மையை அவர் தம் காசிலேயே வாங்க வேண்டும். உணவுச் செலவும் அவரதே. துண்டு ஒன்று காணாமற் போனால் அதன் விலையும் அவர் தலைமேல். வெள்ளை இனத்தவரான கண்காணிப்பாளர் இல்லாத வண்டிகளில் அவர் பணியையும் இவரே செய்வார். அதற்குச் சிறு தொகை மிகுதியாகக் கிடைக்குமேயன்றிக் கண்காணிப்பாளரின் ஊதியம் கிடைக்காது. இத்தனைக்கும் நிறுமம் கூறிய ஒரே விடை, இனாம் வருகின்றதே என்பது.

கூலி என்பது செய்த வேலைக்கு உரிமையாகப் பெறுவது. இனாம் என்பது கொடுப்போன் மகிழ்ந்தால் அளிப்பது. கூலி பெறுபவன் நிமிர்ந்து நின்று கேட்கலாம். இனாம் பெறுபவன் நகைத்தல் வேண்டும், குழைதல் வேண்டும், ‘ஜார்ஜ்’ என அழைத்தாலும் ‘பையா’ என அழைத்தாலும் ஓடிவருதல் வேண்டும். ஆகவே பெயரை மறுத்ததும் ஊதியத்தை மறுத்ததும் இருவேறு குறைகள் அல்ல. பெயர் இழந்தமையாலேயே அவர் இனாமுக்குரியவராயினார்; இனாமை நம்பி வாழ்ந்தமையாலேயே தம் பெயரைக் கேட்கும் துணிவை இழந்தார். பின்னர்ப் பணியாளர் தாமே அமைத்த சங்கம், இனாமை ஒழித்துத் திங்களுக்கு 240 மணி நேர வேலையும் வாழ்தற்குப் போதிய ஊதியமும் தருக எனக் கேட்டதன் நுட்பம் இதுவே. இனாம் பெறும் கையே இனாம் வேண்டா என்று கூறியது அக்காலத்தில் பலர்க்கு விளங்கவில்லை. இம்முறை சட்டத்துக்கு மாறானது எனச் சங்கம் மாநிலங்களிடை வாணிக ஆணையத்திடமும் முறையிட்டது. தனக்கு அதில் அதிகாரம் இல்லை என ஆணையம் 1928-இல் கைவிரித்துவிட்டது.

அச்சங்கம் 1925 ஆகஸ்டு 25-ஆம் நாள் நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் தோன்றியது. அதன் பெயர் ‘படுக்கை வண்டிப் பணியாளர் சகோதரச் சங்கம்’. ‘பணிப்பெண்கள்’ என்னும் சொல்லும் தொடக்கத்தில் அப்பெயரில் இருந்து பின்னர் உதிர்ந்துபோயிற்று. உரிமைச் சங்கமே தன் பெயரினின்றும் சிலரை நீக்கிய இச்செய்தியை வரலாற்றாசிரியர் விரைந்து கடந்துவிடுவர். நாம் குறித்து வைக்கின்றோம். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆசா பிலிப் ராண்டால்ஃப் (1889-1979) படுக்கை வண்டியில் பணி புரிந்தவரே அல்லர். ‘மெசஞ்சர்’ என்னும் இதழின் ஆசிரியர். பொதுவுடைமைச் சார்புடைய சிந்தனையாளர். நிறுமத்தின் ஊழியர் அல்லராதலின் நிறுமம் அவரை வேலையினின்றும் நீக்க இயலாது என்பதே அவர்க்குரிய பெருந்தகுதி!

ஏனையோர்க்கு அக்காப்பு இல்லை. சங்கத்தில் சேர்ந்தார் என ஐயுறப்பட்டவர் வேலை இழந்தனர். பயணிகள்போல் ஒற்றர் வண்டிகளில் ஏறினர். நிறுமம் தானே ஒரு சங்கத்தை நிறுவி, அதுவே பணியாளரின் குரல் என்றது. பிலிப்பைன் நாட்டினரைச் சில பணிகளில் அமர்த்தி, உங்கள் இடம் நிலையானதன்று எனக் குறிப்பால் அச்சுறுத்தியது. இந்நிலையில் சந்தா திரட்டும் பணி பெரும்பாலும் மனைவியரிடம் வந்து சேர்ந்தது. வாஷிங்டன் நகரில் ரொசினா டக்கர் என்னும் அம்மையார் வீடுவீடாகச் சென்று மறைவாகச் சந்தா பெற்றும், சங்கச் செய்திகளைக் கொடுத்தும் வந்தார். இதனை அறிந்த நிறுமம் அவர் கணவரை நீக்கியது. அம்மையார் மேலாளரின் அறைக்கே நேரில் சென்று, தம் செயலுக்குத் தம் கணவர் பொறுப்பாளி ஆகார் என வாதிட்டு, அவர் மீண்டும் வேலை பெறச் செய்தார். 1987-இல் தம் 105-ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

1926-ஆம் ஆண்டின் இருப்புப்பாதைத் தொழிற் சட்டம் நடுவர் வாயிலாகப் பேசித் தீர்க்கும் வழியை வகுத்திருந்தது. நிறுமம் இசையாவிடின் அதனை வற்புறுத்தும் வலிமை அச்சட்டத்துக்கு இல்லை. 1928-இல் சங்கம் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தது. உறுப்பினர் பெருவாரியாக இசைந்தனர். நெருக்கடி எதுவும் நேரவில்லை என அரசின் நடுவர் குழு ஒதுங்கிக்கொள்ளவே, ராண்டால்ஃப் இறுதி நேரத்தில் வேலைநிறுத்தத்தைக் கைவிட்டார். பலர் அவரைப் பழித்தனர். உறுப்பினர் தொகை ஆயிரத்துக்கும் கீழே சரிந்தது. ‘மெசஞ்சர்’ நின்றுபோயிற்று. மனைவி லூசில் நடத்திய ஒப்பனை நிலையத்தின் வருவாயே பல ஆண்டுகள் ராண்டால்ஃபின் குடும்பத்தைத் தாங்கியது.

நிலைமை மாறியது 1934-இல். அவ்வாண்டு திருத்தப்பட்ட சட்டம், முதலாளி தம் கைப்பொம்மையாகச் சங்கம் நடத்துவதைத் தடுத்தது. யார் தமக்காகப் பேசுவது என்பதைத் தொழிலாளரே மறைவான வாக்கினால் தேர்ந்தெடுக்கவும் வழி செய்தது. 1935-இல் நிகழ்ந்த வாக்கெடுப்பில் சகோதரச் சங்கம் 5,931 வாக்குகளும், நிறுமத்தின் சார்புடைய சங்கம் 1,422 வாக்குகளும் பெற்றன. அவ்வாண்டே அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பு சகோதரச் சங்கத்துக்கு முழு உறுப்புச் சங்கத்துக்குரிய பட்டயம் அளித்தது. 1937 ஆகஸ்டு 25-இல், சங்கம் தோன்றிச் சரியாகப் பன்னிரண்டாம் ஆண்டு நிறைவில், புல்மன் நிறுமம் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டது. வேலை நேரம் திங்களுக்கு 240 மணி ஆயிற்று, ஊதியம் உயர்ந்தது, மிகுநேர வேலைக்குத் தனி ஊதியம் கிடைத்தது. பெருநிறுமம் ஒன்று கறுப்பினத் தொழிலாளரின் சங்கத்தோடு செய்துகொண்ட முதற்பேரொப்பந்தம் இதுவே ஆகும்.

இம்மட்டோடு நிறுத்தினால், நல்ல தொழிற் சட்டம் வந்தால் போதும், குடியுரிமை தானே வந்தடையும் என்று கற்பார் கருதக்கூடும். அக்கருத்துத் தவறானது. இப்பணியாளரை உயர்த்திய அதே சட்டம், அதே இருப்புப்பாதையில் வேறு கறுப்பினத் தொழிலாளரைத் தாழ்த்தவும் கருவியாயிற்று. எஞ்சினில் கரி இட்டுத் தீ வளர்ப்போருள் தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் பலர் இருந்தனர். அவ்வேலை கடுமையாக இருந்த வரையில் வெள்ளையர் அதனைப் பெரிதாக நாடவில்லை. எஞ்சின்கள் திருந்தி வேலை எளிதானதும் நாடலாயினர். அத்தொழிலாளரின் சங்கமோ வெள்ளையர்க்கே உரியது. பெரும்பான்மையோர் தேர்ந்த சங்கமே அனைவர்க்கும் பேசும் என்னும் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, கறுப்பினத்தவரின் விழுக்காட்டைக் கட்டுப்படுத்தி மெல்ல வெளியேற்றும் ஒப்பந்தம் ஒன்றை அச்சங்கம் 1941-இல் பல நிறுமங்களோடு செய்தது. பணிமூப்புடைய பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் என்னும் தொழிலாளர் தம் நல்ல வேலையை இழந்து வழக்குத் தொடுத்தார். அனைவர்க்கும் பேசும் உரிமை பெற்ற சங்கம் அனைவரையும் ஒப்ப நடத்தும் கடமையும் உடையது என உச்ச நீதிமன்றம் 1944-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் அவரை உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என அத்தீர்ப்புப் பணிக்கவில்லை. தமக்காகப் பேசும் சங்கத்தில் தமக்கு வாக்கில்லாத நிலை நீடித்தது.

1935-ஆம் ஆண்டின் தேசியத் தொழிலுறவுச் சட்டமும் இவ்வகையினதே. சங்கம் அமைத்துக் கூடிப் பேசும் உரிமையை ஏனைய தொழில்களுக்கு வழங்கிய அச்சட்டம் அமெரிக்கத் தொழிலாளரின் உரிமைப் பட்டயமெனப் போற்றப்படுகின்றது. அதில் இனவேற்றுமை பாராட்டும் சங்கங்களுக்கு இடமளிக்கக்கூடாது என்னும் விதியைச் சேர்க்குமாறு கறுப்பின மக்களின் அமைப்புகள் வேண்டின. தொழிலாளர் கூட்டமைப்பின் எதிர்ப்பால் அது சேர்க்கப்படவில்லை. அன்றியும், வேளாண் தொழிலாளரும் வீட்டு வேலை செய்வோரும் ‘தொழிலாளர்’ என்னும் சொல்லின் வரையறையினின்றே நீக்கப்பட்டனர். அக்காலத்தில் தென்மாநிலக் கறுப்பின மக்களிற் பெரும்பாலோர் செய்தவை அவ்விரு தொழில்களே. தென்மாநில உறுப்பினரின் வற்புறுத்தலே இதற்குக் காரணம் என்போரும் உளர். ஆட்சி நடைமுறையின் அருமை கருதியே என்போரும் உளர். காரணம் யாதாயினும், சட்டத்தில் இனத்தின் பெயரே வாராமல் இனம் ஒன்று பெரிதும் விலக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு வரையறை கூறும் இடத்தில் எத்தனை இலட்சம் மக்களின் வாழ்வு அடங்கிவிடுகின்றது என்பதைச் சொல்லாராய்ச்சி செய்வோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

ராண்டால்ஃப் இதனை உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்காலச் செயல்களே சான்று. போர்க்கருவித் தொழிற்சாலைகள் கறுப்பினத்தவர்க்குக் கதவடைத்தபோது, 1941 ஜூலை முதல் நாள் தலைநகரில் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். வேலைநிறுத்தத்துக்கு நாள் குறிப்பதுபோலவே இதற்கும் நாள் குறித்தார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் ஜூன் 25-இல் 8802-ஆம் எண் ஆட்சியாணையை வெளியிட்டு, அத்தொழிற்சாலைகளிலும் அரசுப் பணியிலும் இனவேற்றுமை கூடாது என விதித்தார்; பேரணி கைவிடப்பட்டது. ஆணையை நிறைவேற்ற அமைந்த குழுவுக்குத் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. எனினும் தொழிலாளர் சங்கத்தின் வழிமுறை குடியுரிமைப் போருக்கும் பயன்படும் என்பது புலனாயிற்று.

அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில் 1955 டிசம்பர் முதல் நாள் பேருந்தில் இடம் விட்டு எழ மறுத்துச் சிறைப்பட்ட ரோசா பார்க்ஸ் அம்மையாரைப் பிணையில் மீட்கச் சென்றவர் ஈ. டி. நிக்சன். அவர் படுக்கை வண்டிப் பணியாளர். சகோதரச் சங்கத்தின் அந்நகரக் கிளைத் தலைவர். மறுநாள் விடியலில் பாதிரிமார்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேருந்துப் புறக்கணிப்புக்கு ஏற்பாடு செய்தவரும் அவரே. அவர்கள் அன்று மாலை கூடியபோது நிக்சன் அங்கு இல்லை. தம் முறைப்படி வண்டியில் பணிக்குச் சென்றிருந்தார். அப்புறக்கணிப்பு 381 நாள் நீடித்து வெற்றி கண்டது. அதன் தலைவராய் உலகறிந்தவர் மார்ட்டின் லூதர் கிங் என்னும் இளம் பாதிரியார்.

1963 ஆகஸ்டு 28-இல் வாஷிங்டனில் நிகழ்ந்த பேரணியைக் கிங் அவர்களின் சொற்பொழிவுக்காகவே இன்று பலரும் நினைக்கின்றனர். அதன் முழுப்பெயர் ‘வேலைக்கும் விடுதலைக்குமான பேரணி’ என்பதையும், அதன் தலைவர் அப்போது 74 அகவையினரான ராண்டால்ஃப் என்பதையும், மணிக்கு 2 டாலர் குறைந்த அளவு ஊதியம் அதன் கோரிக்கைகளுள் ஒன்று என்பதையும் நினைப்போர் சிலரே. நாட்டின் மாபெரும் தொழிலாளர் கூட்டமைப்பின் நிருவாகக் குழு அதற்கு ஆதரவு அளிக்க மறுத்துவிட்டது. வேலையில் இனவேற்றுமையைத் தடுக்கும் விதி மறு ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் இடம்பெற்றது.

புல்மன் நிறுமம் 1968-ஆம் ஆண்டின் முடிவோடு தன் படுக்கை வண்டிப் பணியை நிறுத்தியது. சகோதரச் சங்கம் 1978-இல் மற்றொரு சங்கத்தோடு இணைந்தது. குறைந்த அளவு ஊதியச் சட்டம் வேளாண் தொழிலாளர் சிலர்க்கு 1966-இலும், வீட்டு வேலை செய்வோர்க்கு 1974-இலும் விரிக்கப்பட்டது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘தொழிலாளர்’ என்னும் சொல்லுக்குத் தரப்பட்ட வரையறையில், அவ்விரு வகையினரையும் விலக்கிய தொடர் இன்றும் அவ்வாறே நிற்கின்றது.